டெஸ்ட் பக்கத்தில் இருந்த பத்தொன்பது பேர்

ஓய்வு பெறுகிற நாளில் ஒரு சால்வை, ஒரு மாலை, பாதி பொய் கலந்த நாலு பேச்சு, கேசரி, மிக்சர். இதெல்லாம் எங்கள் அலுவலக வழக்கம். வாழ்நாள் முழுக்க வேலையே பார்க்காதவனுக்கும் இது உண்டு. முப்பத்தேழு வருஷம் ஒரே கட்டடத்தில் உழைத்த சந்திரிகா மேடத்துக்கு இது எதுவும் நடக்கவில்லை. ஐந்தரை மணிக்குக் கைப்பையை எடுத்தார், அடையாள அட்டையைக் காவலரிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார், உஸ்மான் சாலைப் பக்கம் நடந்து போய்விட்டார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் பாதி என் மேலேயேதான்.

என் பெயர் பீர் முஹம்மது. திருவல்லிக்கேணியில் பிறந்து அங்கேயே குடியிருப்பவன். தி. நகரில் இருக்கும் அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் டேப்புகள் வைக்கிற நூலகமும் அச்சுப் பிரிவும் என் பொறுப்பு. எனக்கு மூக்கு மேல் கோபம், வாயும் கொஞ்சம் நீளம். "காலங்காத்தால பாய்கிட்ட போயிடாதே" என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிவைப்பார்களாம். அந்த வாயை முப்பது வருஷம் பொறுத்துக்கொண்ட ஒரே ஆள் சந்திரிகா மேடம்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்கு மாதா மாதம் பென்ஷன் அனுப்புகிற இடம் என்று தெரிந்தால் போதும். மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இரும்பு பீரோ மாதிரி மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் நிற்கும். அதற்குள் இரண்டு உலகம். ஒன்று புரொடக்‌ஷன். அது நிஜம், அதில் ஒருவர் பெயருக்கு நேராக ஒரு குறி மாறினால் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இன்னொன்று டெஸ்ட். புதிதாக எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்கிற ஒத்திகை இடம். அங்கே எது உடைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பேருக்குத்தான் இரண்டு. மேற்கு மாம்பலத்தில் ஒரே வீட்டை இரண்டு போர்ஷனாகத் தடுத்துவிட்டு, பொதுவாக ஒரு கிணறும் கொல்லைக் கதவும் விட்டிருப்பார்களே, அந்த மாதிரி. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்தால் கேட்பாரில்லை.

சந்திரிகா மேடமும் மேற்கு மாம்பலம்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். மகள் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, 1988இல் டேட்டா என்ட்ரிக்கு வந்து சேர்ந்தார். பிறகு பேட்ச் பிரிவு. எந்த வேலை என்றைக்கு ஓட வேண்டும், எது முடிந்தால் எது தொடங்க வேண்டும் என்று மெயின்ஃப்ரேமுக்கு வேளை குறித்துக் கொடுக்கிற பிரிவு அது. காலையில் மாம்பலம் ரயில் நிலையப் பாலத்தில் ஏறி இறங்கி, கடைகள் திறக்குமுன் நடந்து வந்துவிடுவார். சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் ஒரு கைப்பிடி கூடுதலாக இருக்கும். அது எனக்கு. நோன்பு மாதத்தில் மட்டும் டப்பாவை என் கண்ணில் படாமல் வேறு மாடிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவார்.

விஷயம் 2009இல் தொடங்கியது. ஒரு தொழிற்சாலையிலிருந்து, இறந்துபோன ஓய்வூதியர்களின் விவரம் வந்தது. அங்கே யாரோ பெயர் வரிசையை ஒரு வரி கீழே நகர்த்திவிட்டார்கள். பெயர் ஒருவருடையது, எண் அடுத்தவருடையது. நாங்கள் எண்ணைத்தான் பார்ப்போம். அதனால் உயிரோடு இருந்த நாற்பத்தொரு பேருக்கு எங்கள் கம்ப்யூட்டரில் இறப்புக் குறி விழுந்துவிட்டது. மறு மாதம் பென்ஷன் வராமல் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். மேடம் டீ குடிக்கக் கீழே போனபோது கவுன்டரில் ஒரு பெரியவர் நின்றிருந்தாராம். அடையாள அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான்தான் சார் அது, இதோ நிக்கிறேன் பாருங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். மேடம் டீ குடிக்காமலே மேலே வந்துவிட்டார்.

முறைப்படி திருத்துவதற்குக் கமிட்டி, கையெழுத்து, புரோகிராம் மாற்றம் என்று மூன்று மாதம் ஆகும். அப்போது எங்கள் மேலாளர் ஸ்ரீரங்கன் சார். மேடம் அவரிடம் போய் நின்றார்.

"டெஸ்ட் பக்கத்துல ஒரு லிஸ்ட் போட்டு வெச்சுக்கோ, சந்திரிகா. மாசாந்தர வேலை அதைப் படிச்சுண்டு போகட்டும். மூணு மாசம்தானே, அப்புறம் எடுத்துடலாம்" என்றார் அவர்.

எல்லாம் வாய் வார்த்தைதான். டெஸ்டில் எதை வைக்கவும் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். மேடம் நாற்பத்தொரு பெயரையும் எழுதி வைத்தார். அதில் பெயர் இருந்தால் போதும். இறப்புக் குறி விழுந்தாலும் சரி, வருஷாந்திர ஆயுள் சான்று வராவிட்டாலும் சரி, அதையெல்லாம் அழித்துவிட்டு, இந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று புரொடக்‌ஷன் மேலே போகும். மறு மாதமே எல்லோருக்கும் பென்ஷன் போனது.

அப்புறம் எடுத்துடலாம் என்று எங்கள் அலுவலகத்தில் சொன்ன எதையும் யாரும் எடுத்ததில்லை. திருத்தக் கோப்பு தொழிற்சாலைக்குப் போனது, தொழிற்சாலையே மூடிப்போனது, கோப்பும் போன இடம் தெரியவில்லை. பட்டியல் மட்டும் இருந்தது. மேடம் அதை அப்படியே போட்டுவிடவில்லை. மாதம் பிறந்ததும் புதிதாக வந்த இறப்பு அறிக்கையை எடுத்துவைத்து, தன் பட்டியலில் உள்ள யாராவது அதில் இருக்கிறாரா என்று விரல் வைத்துப் பார்ப்பார். இருந்தால் அந்தப் பெயரைத் தன் கையாலேயே நீக்குவார். அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் துக்கம் கொண்டாடுகிறீர்களே என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். பதினாறு வருஷத்தில் நாற்பத்தொன்று பத்தொன்பதாக ஆனது. இது தெரிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர்: மேடம், ஸ்ரீரங்கன் சார், நான்.

2025 பிறந்ததும் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். நிஜமும் ஒத்திகையும் ஒரே இயந்திரத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புரொடக்‌ஷன் சிறுசேரியில் ஒரு புதிய டேட்டா சென்டருக்குப் போக வேண்டும், டெஸ்ட் தி. நகரிலேயே இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர்கூட இருக்கக் கூடாது. அவர்கள் சொன்னது நியாயம்தான். கொல்லைக் கதவு திறந்தே கிடந்தால் என்றைக்காவது திருடன் வருவான். அந்த வேலைக்குத் தலைவராக வந்தவர் ராகேஷ். நாற்பது வயதுக்குள் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார், சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார்.

டெஸ்ட் பக்கத்திலிருந்து புரொடக்‌ஷன் பக்கம் வரும் கோப்பு எதுவானாலும் எழுதித் தரச் சொன்னார் அவர். மேடம் மற்ற எல்லாவற்றையும் எழுதினார், இந்தப் பட்டியலை எழுதவில்லை. சிறுசேரிக்குப் போகும்போது சத்தமில்லாமல் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பைத் துண்டித்து, முந்தின மாத வேலையை மறுபடி ஓட்டினார்கள். ஒரு பிழையும் இல்லை. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள், யாரோ பால்கோவா வாங்கிவந்தார்கள். மேடம் மட்டும் கடைசிப் பக்கத்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டியல் கிடைக்காவிட்டால் தடுமாறி நிற்காமல் தாண்டிப் போ என்று 2009இல் எழுதிவைத்தவரே அவர்தான். அது தாண்டிப் போயிருந்தது. மாதா மாதம் இருநூறு முந்நூறு பேர் இறக்கிற ஒரு கணக்கில் பத்தொன்பது குறைந்தால் யார் கண்ணில் படும்?

நேராக என் பிரிவுக்கு வந்தார்.

"பாய், பத்தொன்பது பேர் செத்துட்டாங்க."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"நம்ம லிஸ்ட். ஒயரை எடுத்ததும் எல்லாரும் போயிட்டாங்க. மெஷின் ஒரு வார்த்தை சொல்லல."

"கம்முனு தூக்கி புரொடக்‌ஷன்ல போட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"இனிமே அங்க ஒரு காலி ஃபைல் வெக்கணும்னாகூட ராகேஷ் சார் கையெழுத்து வேணும். எதுக்கு, ஏன், யார் சொன்னதுன்னு எழுதணும். எழுதினா விசாரணை வரும். மே மாசம் எனக்கு ரிட்டையர்மென்ட். வர வேண்டியது எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுடுவாங்க."

"எழுதலைன்னா?"

"மார்ச் முப்பதாம் தேதி நிஜமா ஒயரை எடுக்கப் போறாங்க. அன்னைக்கு அவங்க நிஜமாவே செத்துடுவாங்க, பாய்."

மேடத்தின் கணவர் ஆனந்தகுமாருக்கு 2017இல் பக்கவாதம் வந்து, இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். மேடத்தின் சம்பளத்தில் ஓடுகிற வீடு. ஓய்வுக்குப் பிறகு வருவதை நம்பித்தான் எல்லாத் திட்டமும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் மயிலாப்பூர் போனோம். ஸ்ரீரங்கன் சார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறார். உட்கார வைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் எழுத்துல ஒண்ணும் குடுக்கலையேம்மா."

"வாயால சொன்னீங்க சார்."

"சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்லை. எனக்கு எழுபத்தஞ்சு ஆறது. விசாரணைன்னு சொல்லிண்டு ஆத்துக்கு ஆள் வந்தா நான் தாங்க மாட்டேன், சந்திரிகா. நீ பண்ணினது தப்புன்னு சொல்லலை. என் பேரை மட்டும் இழுக்காதே."

காபி வந்தது. மேடம் குடித்தார். நான் தொடவில்லை. குளத்தங்கரைக்கு வரும்வரை அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வந்தேன். "விடுங்க பாய். அவர் சொல்லாம இருந்திருந்தாலும் நான் வெச்சிருப்பேன்" என்றார் மேடம்.

திங்கட்கிழமை காலை ராகேஷ் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"புரொடக்‌ஷன்ல லிஸ்ட் எதுவும் கிடையாது மேடம். புது ஆயுள் சான்று இருந்தா உள்ள, இல்லைன்னா வெளிய. மார்ச் இருபத்தஞ்சுக்குள்ள சான்று வந்துட்டா, நானே உட்கார்ந்து ஒவ்வொரு பேரா சரி பண்ணித் தரேன். ஆனா இதை நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும்."

"எழுதுங்க சார். இருபத்தஞ்சுன்னு சொன்னதே பெரிசு."

கடிதம் போட்டால் வேலைக்காகாது. முகவரியெல்லாம் பதினாறு வருஷத்துப் பழசு. மேடம் லீவு போட்டார். நான் பாதி நாள் லீவு, பாதி நாள் பொய். என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மார்ச் மாதம், வெயில், எனக்கு நோன்பு வேறு. நோன்பு வைத்துக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று மேடம் சொல்லாத நாளில்லை. ஒருவர் அடையாறில் மகன் வீட்டில் இருந்தார். ஒருவர் சைதாப்பேட்டையில் மூன்று வீடு மாறி நாலாவது வீட்டில். ஒருவர் ஆவடிக்கே போய்விட்டார். மொபைலில் முகத்தைக் காட்டிச் சான்று எடுக்க வேண்டும். போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று காட்ட ஒரு முறை கண்ணைச் சிமிட்டச் சொல்லும். எல்லோரும் எழுபத்தைந்துக்கு மேல். கண்புரை, காது மந்தம், கை நடுக்கம். மயிலாப்பூரில் ஒரு பெரியவர், "என்னம்மா, மறுபடியும் செத்துட்டேனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இன்னொருவருக்குச் சிமிட்டுவது என்றால் என்ன என்றே விளங்கவில்லை. மேடம் அவர் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, தான் சிமிட்டிக் காட்டி, அரை மணி நேரம் பொறுத்திருந்தார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

இருபத்திரண்டாம் தேதி பதினெட்டுப் பேர் முடிந்தது. பத்தொன்பதாவது ஆள் ஷாஹுல் ஹமீது, திருவல்லிக்கேணி, பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து. என் பேட்டைதானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நான்தான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

குறுகலான படி, முதல் மாடி. கதவைத் திறந்தது அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மடியில் புடவை, கையில் ஊசி. ஃபால் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அமீனா பீ என்று பெயர் சொன்னார், ஷாஹுல் ஹமீதின் மனைவி. பென்ஷன் ஆபீசிலிருந்து வருகிறோம், அவருக்கு ஆயுள் சான்று எடுக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு மவுத்தாயி எட்டு வருஷம் ஆவப் போவுது."

"எங்களுக்குத் தெரியவே இல்லையேம்மா" என்றார் மேடம்.

"தெரியலையா? உங்க ஆபீசு படி ஏறி ஏறி என் முட்டி தேஞ்சு போச்சு. சர்டிபிகேட் குடுத்தேன், வாங்கிக்கினாங்க. அடுத்த மாசம் போய்க் கேட்டா, உங்க வூட்டுக்காரரு உசுரோட கீறாருன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுன்றாங்க. மறுபடி குடுத்தேன். மறுபடி உசுரோட கீறாரு. பேங்க்ல அவரு கணக்கை மூடிட்டாங்க, அனுப்புற பணம் உங்களுக்கே திரும்பி வந்துக்கினு இருக்குதாம். என் பென்ஷன் வரணும்னா கம்ப்யூட்டர்ல அவரு சாவணுமாம். பொய்யா சொல்றேன்னு ஒரு ஆளு எல்லாரு முன்னாடியும் கேட்டான்."

மேடம் கேட்டார்: "எந்த மாசம் தவறினார்?"

"ரெண்டாயிரத்துப் பதினேழு, ஆகஸ்டு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஆகஸ்டில்தான் ஆனந்தகுமார் விழுந்தார். மேடம் மூன்று மாதம் லீவில் இருந்தார். மற்ற எல்லா வேலையையும் அடுத்தவரிடம் எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். இல்லாத ஒரு பட்டியலை யாரிடம் ஒப்படைப்பது? ஷாஹுல் ஹமீதின் இறப்பு அறிக்கை வந்தது, விரல் வைத்துப் பார்க்க ஆளில்லை, பட்டியல் தன் வேலையைச் செய்தது. அடுத்தடுத்து அந்த அம்மா கொடுத்ததையெல்லாம் தகராறு என்று தனிக் கட்டாக ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் கட்டு மேடத்திடம் வராது. மேடம் எழுதிய அந்தப் பட்டியல்தான் எட்டு வருஷமாக மாதா மாதம் அந்த மனுஷரைச் சாகவிடாமல் வைத்திருந்தது.

அமீனா பீ என் பக்கம் திரும்பினார். "இவரை எனக்குத் தெரியும். ரெண்டாயிரத்துப் பதினெட்டுல இவருகிட்டயும் வந்தேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் வாசலில் ஒரு பெண் நின்று கேட்டார். நீங்கள் அந்த ஆபீஸில்தானே வேலை பார்க்கிறீர்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று. திங்கட்கிழமை பார்த்தேன், உயிரோடு இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் காட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வந்தபோது, ஒழுங்கான பேப்பர் இல்லாமல் சும்மா சும்மா வந்து நிற்காதீர்கள் என்று நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டேன். பட்டியல் இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் இருப்பவராக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. மேடம் என்னை ஒரு முறை பார்த்தார்.

பிறகு அந்தப் புடவைக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 2009இலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, தன்னை நியாயப்படுத்தவும் இல்லை. அமீனா பீ தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நீங்கதான் அவரை உசுரோட வெச்சிக்கினு இருந்தீங்களா?"

"ஆமாம்மா. நான்தான்."

உள்ளேயிருந்து அவர் மகள் சிம்ரா வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். "இவ பி.காம். ரெண்டாவது வருஷத்துல நிறுத்துனா" என்றார் அமீனா பீ. "இப்போ மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. நல்லாப் படிச்சுக்கினு இருந்தா." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மேடம் மன்னிப்புக் கேட்டார். அமீனா பீ ஊசியை மறுபடி கையில் எடுத்தார். சிம்ரா மேடத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மேடம் ராகேஷ் சாரிடம் இதையும் சொன்னார். டேப் பெட்டிகளுக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"பதினெட்டுப் பேரைக் காப்பாத்தினீங்கன்னுதான் ரிப்போர்ட் எழுதியிருக்கேன் மேடம்" என்றார் அவர். "பத்தொன்பதாவது ஆள் முப்பதாம் தேதி தானா இறந்தவர் ஆயிடுவார். அந்தம்மா புதுசா விண்ணப்பிச்சா பென்ஷன் வந்துடும். எட்டு வருஷத்தையும் நீங்க எழுதிக் குடுத்தா இந்த ரிப்போர்ட்டே வேற ஆயிடும். யோசிச்சுக்கோங்க."

"எழுதலைன்னா அந்த எட்டு வருஷத்துப் பென்ஷன் அவங்களுக்கு வருமா சார்?"

"வராது. விண்ணப்பிச்ச தேதியிலேர்ந்துதான்."

"அப்போ எழுதித்தான் ஆகணும். அவங்க பொய் சொல்லலைன்னு ஒரு தாள்லயாவது இருக்கணும்."

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் டேப் பெட்டிகளுக்கான கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை காலை, சிறுசேரியில் புரொடக்‌ஷன் எழுந்தது. தி. நகரில் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, என் கையில்தான் கொடுத்தார்கள். மேடம் திரையில் பதினெட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கடைசியாக ஷாஹுல் ஹமீது என்று தட்டினார். இறப்புக் குறி இருந்தது, அழியாமல் இருந்தது. நான் வாய்க்குள், இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன் என்று சொல்லிக்கொண்டேன். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறோம் என்கிற அதன் பொருள் மேடத்துக்குத் தெரியும். தலை குனிந்து நின்றார்.

விசாரணை மே மாதம் நடந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு மேசை. நானும் பிரிவில் மூத்தவன் என்று கூப்பிட்டு மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கேள்வி கேட்டார்கள்: அமீனா பீக்கு இப்படி ஒரு புகார் இருப்பது இதற்கு முன் உங்கள் பிரிவில் யார் காதுக்காவது வந்ததா?

"இல்லை சார். யாருக்கும் தெரியாது" என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். எனக்காகச் சொன்னது. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. முப்பது வருஷமாக எல்லார் மேலும் பாய்ந்த வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. அந்த மாதம் முப்பதாம் தேதி மேடம் போய்விட்டார். விசாரணை முடியும்வரை அவருக்கு வர வேண்டியது எல்லாம் நிறுத்தம்.

ஜூன் முதல் வாரம் அமீனா பீக்கான கடிதம் என் பிரிவில்தான் அச்சானது. தபாலில் போடாமல் நானே கொண்டுபோனேன். அந்த அம்மாவுக்குப் படிக்க வராது, சிம்ரா படித்தாள். ஷாஹுல் ஹமீது 2017 ஆகஸ்டில் இறந்தது ஏற்கப்படுகிறது. மனைவிக்குப் பென்ஷன் இந்த மாதத்திலிருந்து வழங்கப்படும். முந்தைய எட்டு வருஷத்துக்கானதை வழங்க இயலாது. இறப்பை உரிய காலத்தில் தெரிவித்ததற்கு அலுவலகத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கவுன்டர் தாள்களை ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. பள்ளிவாசல் வாசலில் நான் கத்திய பிறகு அந்த அம்மா ஆபீஸ் பக்கமே வரவில்லை. அதனால் ஐந்து வருஷத்துக்குள் ஒரு தாளும் இல்லை.

"அந்த மேடம் எழுதிக் குடுத்தாங்களே?" என்று கேட்டாள் சிம்ரா.

"அவங்க செஞ்சதை எழுதிக் குடுத்தாங்கம்மா. உங்கம்மா வந்து சொன்னதை அவங்க பார்க்கலையே."

அமீனா பீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க பார்த்தீங்களே பாய். நான் வந்தேன்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"எட்டு வருஷம் நான் சொன்னதை யாரும் நம்பல. நீங்க சொன்னா நம்புவாங்க இல்ல?"

மறுநாள் காலை பத்து மணிக்கு ராகேஷ் சாரின் மேசையில் என் தாளை வைத்தேன். அவர் முதல் வரியைப் படித்துவிட்டு, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அந்த வரி இதுதான்: 2018ஆம் ஆண்டு, கணவர் இறந்துவிட்டதாக அமீனா பீ என்னிடம் இரண்டு முறை வந்து சொன்னார், பீர் முஹம்மது ஆகிய நான் அவரை நம்பாமல் விரட்டிவிட்டேன்.